ரேடியோ நெல்லு விளைஞ்ச ஊர்ல ரேடியோ எங்கே போச்சு?

போன தை மாசம், சம்பா அறுவடை. மெஷின் வயல்ல இறங்கியிருந்துச்சு. டிரைவர் தம்பி எஃப்எம்மைச் சத்தமா வச்சிருந்தார். பாட்டு, விளம்பரம், சினிமாக் கேள்வி, மறுபடி பாட்டு. மூணு மணிக்கு மழை புடிச்சுக்கிச்சு. களத்துல கொட்டின நெல்லு அத்தனையும் நனைஞ்சு போச்சு. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுங்கிறது விதி. அதுக்காக நாலு நாள் தார்ச்சாலையில நெல்லைக் காயவச்சோம். அன்னிக்குக் காலையிலேயே மழை எச்சரிக்கை வந்துடுச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. வயல்ல ரேடியோ ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. மழையைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

எங்க தாத்தா இதை நம்பியிருக்க மாட்டார். திருச்சி வானொலி 1939-ல் ஆரம்பிச்சது. 1960-களில் பண்ணை இல்ல ஒலிபரப்பு மூலமா ஆடுதுறை-27 என்ற குறுவை ரகத்தைப் பத்தி விவசாயிகளுக்குச் சொன்னாங்க. டெல்டா முழுக்க அந்த ரகம் பரவுச்சு. அதுக்கு ஜனங்க வச்ச பேரே 'ரேடியோ நெல்லு'. மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடின்னு ரேடியோவுல கேட்டுட்டுத்தான் தாத்தா நாத்து விடுறதையே முடிவு பண்ணுவார்.

அப்புறம் பண்பலை வந்துச்சு. திருச்சி ரெயின்போ 102.1-ல் ஒலி துல்லியம், பேச்சும் கலகலப்பு. 2005-ல் மத்திய அரசு இரண்டாம் கட்டக் கொள்கை கொண்டுவந்த பிறகு தனியார் எஃப்எம்களும் திருச்சிக்கு வந்தன. நானும் ரசிச்சுக் கேட்டவன்தான், பாட்டு மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா ஒண்ணு நடந்துச்சு. பழைய திருச்சி நிலையம் மத்திய அலையில, 936-ல் வந்தது. அந்த அலைவரிசை செல்போன்ல எடுக்காது. வீட்டுல ரேடியோ பெட்டி போய் செல்போன் வந்ததும் கேட்கிறவங்க எல்லாரும் எஃப்எம் பக்கம் வந்துட்டோம். வயக்காட்டுச் சேதி எங்க கூட வரலை.

தனியார் நிலையங்கள் சொந்தமா செய்தி வாசிக்க அனுமதி இல்லைங்கிறது உண்மை. ஆனா 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை வானிலையைச் செய்தியாகவே கணக்குல எடுக்கலை. இயற்கைச் சீற்ற எச்சரிக்கையும் அப்படித்தான். சொல்லலாம், சொல்றதில்லை. ஏன்னா விளம்பரம் கொடுக்கிறவர் நகரத்துல இருக்கார். நிலையமும் அவருக்குத் தகுந்த மாதிரிதான் பேசுது. கோபுரத்துலேர்ந்து வர்ற அலை மட்டும் எங்க வயல் வரைக்கும் வருது.

'போன்ல வானிலை ஆப் இருக்கே'ன்னு கேப்பீங்க. சேத்துக் கையோட யாருங்க போனை எடுத்துத் தடவிக்கிட்டிருப்பா? காதுக்குத் தானா வந்து விழுற சேதிதான் வயல்ல உதவும்.

நான் கேக்கிறது பெருசில்லை. மணிக்கு ஒரு நிமிஷம். மழை, மேட்டூர் தண்ணி, இன்னிக்குச் சந்தை விலை, அவ்வளவுதான். மிச்சம் 59 நிமிஷமும் பாட்டே போடுங்க. இதைப் படிக்கிறவங்கள்ல ரேடியோவிலயோ விளம்பரக் கம்பெனியிலயோ வேலை பார்க்கிறவங்க இருந்தா, உங்க ஆபீஸ்ல ஒரு தடவை பேசிப் பாருங்க. அடுத்த குறுவைக்குள்ள நடந்தா நல்லது.