பாரம் உயரும் வேளையில்

வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பாதவன், அங்கிருந்து விழுந்து மடிபவனின் இரத்தப்பழிக்கு உள்ளாவான் என்று எச்சரிக்கிறது பழைய ஏற்பாட்டுச் சட்டம் (இணைச்சட்டம் 22:8). கட்டட வேலையில் கவனக்குறைவும் பாவமாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான போதனை வேண்டுமோ?

நம் பங்குகளில் கோவிலோ கொடிமரமோ எழுப்பும்போது, கிரேனை வாடகைக்கு அமர்த்தப் பணம் போதாவிடில், பங்கு மக்களில் ஒருவரது டிராக்டர் வந்து நிற்கிறது. கூலி கேளாமல் இளைஞரும் திரள்கின்றனர். இவ்வார்வம் போற்றுதற்குரியது. ஆயினும், டிராக்டர் இழுப்பதற்கென அமைந்த பொறி; தூக்குவதற்கென அமைந்ததன்று என்பதை நாம் மறத்தலாகாது.

வடத்தை வண்டியின் பின்புறம் தாழ்வாக உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே பூட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், பாரம் அசையாத நிலையில் முன்சக்கரங்கள் எழும்பி, வண்டி ஓட்டுநர்மீதே மல்லாந்துவிடும். அதற்கு இரண்டு விநாடிகளே போதும். குதித்துத் தப்ப அவகாசமில்லை. உச்சியில் ஒரு கப்பி மட்டும் இருந்தால், வடம் வண்டியின் பின்புறத்தை மேல்நோக்கி இழுக்கும். சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். ஆகவே தரையருகே மற்றொரு கப்பியை உறுதியாகப் பொருத்தி, வடம் தரைக்கு இணையாக வண்டியை வந்தடையச் செய்தல் வேண்டும். இடது, வலது பிரேக் மிதிகளையும் ஒன்றாக இணைத்துத் தாழிட வேண்டும்.

முன்புறம் தூக்குகரம் பூட்டிய வண்டியானால், பாரத்தைத் தாழ்த்தியே நகர்த்த வேண்டும். உயர்த்தியபடி திரும்பினால் வண்டி பக்கவாட்டில் கவிழக்கூடும். வாளியில் ஆளை ஏற்றி உயர்த்துதல் அறவே கூடாது. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் பாரம் நொடியில் கீழே வந்துவிடும்.

எவ்வகை வண்டியாயினும், தொங்கும் பாரத்தின்கீழ் எவரும் நிற்கலாகாது. அறுந்த வடம் சாட்டையாய்ச் சுழலுமாதலால் அதன் அருகிலும் நிற்கலாகாது. மின்கம்பி செல்லும் இடமானால் மின்வாரியத்துக்கு முன்கூட்டியே சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும். சைகை காட்டுபவர் ஒருவராகவே இருத்தல் நலம். பலர் கூவினால் ஓட்டுநர் எவர் சொல்லைக் கேட்பார்?

"ஆண்டவர் வேலை, அவர் பார்த்துக்கொள்வார்" என்பர் சிலர். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி தூண்டிய அலகைக்கு நம் ஆண்டவர் இணங்கவில்லையே! இறைவனை நம்புவது வேறு; அவரைச் சோதிப்பது வேறு. உடல்நலத்துக்கும் உயிருக்கும் ஊறு விளைக்காத பணியிடம் உழைப்பாளியின் உரிமை என, 1981-இல் மனித உழைப்பைப் பற்றி விடுத்த சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வலியுறுத்தினார். கூலியின்றி உழைக்க வருபவருக்கு அவ்வுரிமை குறைந்துவிடாது; அவரை அழைத்த நமக்கே கடமை கூடுகிறது.

தகுந்த கருவி கிட்டாவிடில் கொடிமரம் அடுத்த திருவிழாவரை காத்திருக்கட்டும். வேலைக்கு வந்த பிள்ளைகள் அனைவரும் மாலையில் நலமாக வீடு திரும்புவதே ஆண்டவர் விரும்பும் காணிக்கை.