காமெடிதானே, விடுப்பா!

முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன். 'டி ஃபாயர்ட்சாங்கன்போவ்ல' என்ற ஜெர்மன் படத்தைப் பார்த்து நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான். வீட்டிலேயே பாடம் படித்து வளர்ந்த ஓர் எழுத்தாளர், பள்ளிக்கூடமே போனதில்லையே என்ற ஏக்கத்தில், வளர்ந்தபின் பையன் வேஷம் போட்டுக்கொண்டு ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் சேர்கிறார். நடித்த ஹைன்ஸ் ரூமனுக்கு அப்போது வயது 41! வேதியியல் வாத்தியார் ஆளுக்கு ஒரு மடக்கு பழ ஒயின் கொடுக்க, வகுப்பு மொத்தமும் போதை ஏறியதுபோல் தள்ளாடுகிற காட்சிக்குச் சிரிக்காதவன் மனுஷனே இல்லை.

பிரச்சினை படத்தோடு இல்லை. படத்தைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் கதையோடுதான். ஜெர்மனியில் டிசம்பர் வந்தால் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் இதைத் திரையிடுகிறார்கள். திரையில் மணி அடித்தால் இவர்களும் அலாரம் அடிக்கிறார்கள், மத்தாப்பு கொளுத்துகிறார்கள். கொளுத்தட்டும். 'இது நாஜிகளே தடுக்கப் பார்த்த படம், கலகப் படம்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை.

படம் எடுத்தது 1943-இல். வெளிவந்தது 1944 ஜனவரி 28. கல்வி அமைச்சர் பெர்ன்ஹார்ட் ரூஸ்ட் முட்டுக்கட்டை போட்டது உண்மை. ஆனால் எதற்காக? வாத்தியார்களைக் கேலி செய்தால் மரியாதை போய்விடுமாம். சரி, ரூமன் என்ன செய்தார்? படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக ஹிட்லரின் கிழக்குப் பிரஷ்யத் தலைமையகத்துக்கே போனார். அங்கே படம் ஓடியது, அனுமதி கிடைத்தது. ஹிட்லர் கையால் பச்சைக்கொடி வாங்கிய படம் கலகப் படம் என்றால், கலகம் என்ற சொல்லுக்கு வேறு அகராதிதான் தேட வேண்டும்.

இன்னொன்று கவனியுங்கள். படம் யாரைக் கிண்டல் செய்கிறது? கைசர் காலத்துக் கிழட்டு வாத்தியார்களை. பிரெட் என்ற இளம் வாத்தியார் ஒருவர் வருவார். இளங்கன்றுகளைக் கட்டிவைத்து நேராக வளர்ப்பதுபோல் பையன்களையும் ஒழுங்கில் வளர்க்க வேண்டும் என்பார். அவரைப் பார்த்து மட்டும் யாருமே சிரிப்பதில்லை! ஆட்சிக்குப் பிடித்த 'புதுக் கால' வாத்தியார் அவர்.

'பொழுதுபோக்குப் படத்தில் என்ன அரசியல்' என்று என் வகுப்புத் தோழர்களே கேட்கிறார்கள். கோயபல்ஸுக்கு இந்தச் சந்தேகம் இருக்கவில்லை. குண்டு விழும் ஊரில் ஜனங்கள் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவருக்கு யுத்த வேலை. சிரிப்பையும் அவர்கள்தான் அளந்து கொடுத்தார்கள். ரூமன் நடித்த 'குவாக்ஸ்' (1941) படத்துக்குப் பிரபலமான பாட்டு எழுதியவர் எரிஷ் க்னௌஃப். ஆட்சியைக் கிண்டலடித்துப் பேசினார் என்று யாரோ போட்டுக்கொடுக்க, 1944 மே 2 அன்று கொன்றார்கள். அதே வழக்கில் சிக்கிய கார்ட்டூனிஸ்ட் எரிஷ் ஓசர் விசாரணைக்கு முன்பே சிறையில் உயிரை விட்டார். ராபர்ட் டோர்சே என்ற காமெடி நடிகரை 1943 அக்டோபரிலேயே முடித்துவிட்டார்கள். நம் படம் ஓடத் தொடங்கியது இந்த இரண்டு கொலைகளுக்கும் நடுவில்.

பள்ளிக்கூட நிலவரம் இன்னும் மோசம். 1943 பிப்ரவரியிலிருந்து 15, 16 வயது உயர்நிலைப் பள்ளிப் பையன்களை விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு அனுப்பினார்கள். வாத்தியார்கள் பீரங்கி மேடைக்கே போய்ப் பாடம் நடத்தினார்கள். அரங்கத்தில் 41 வயது ஆள் பையனாக நடிக்கிறார், வெளியே நிஜப் பையன் சிப்பாயாக நிற்கிறான்.

தடை செய் என்று நான் சொல்லவே இல்லை (பின்னூட்டத்தில் அப்படித் திரிக்க வேண்டாம்!). ரூஸ்ட் கோஷ்டியில் சேர எனக்கு ஆசையில்லை. ஒயின் காட்சியை அடுத்த தடவையும் பார்ப்பேன், சிரிப்பேன். படம் தொடங்குமுன் இரண்டு நிமிஷம் ஒருவர் எழுந்து நின்று, இது எந்த வருஷத்துப் படம், அந்த வருஷம் சிரித்ததற்காக யார் யார் செத்தார்கள் என்று பெயர் சொன்னால் என்ன குறைந்துவிடும்? மத்தாப்பு அதற்குள் நமுத்தா போய்விடும்?