பழியும் குளிர்த்தியும்

ஆங்கில அரங்கிலே பழிவாங்கற் கதைக்கு வழி வகுத்தவர் தோமஸ் கிட். 1580களில் அவர் இயற்றிய ‘ஸ்பானியத் துன்பியல்’ என்னும் நாடகத்தின் தலைவன் ஹியெரோனிமோ, மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த தந்தை. நீதி வழங்கும் பதவியில் இருந்தும் தன் வழக்கை அரசன் செவியில் ஏற்ற அவனால் இயலவில்லை. ஈற்றில் அரண்மனையில் ஒரு நாடகம் ஆடுவித்து, நடிப்பினூடே மெய்யாகவே கொன்று பழி முடிக்கின்றான். அதனோடும் அமையாது, கொலையிற் பங்கில்லாத ஒரு கோமகனையும் குத்தி வீழ்த்தித் தானும் மாய்கின்றான். செகசிற்பியாரின் ஹம்லெற்றும் பிணங்கள் கிடக்கும் அரங்கிலேதான் முடிவுறுகின்றது.

இவற்றைப் பாடநூலாகக் கற்ற நம்மவர் பலர். முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தை இவற்றோடு ஒப்பவைத்து எண்ணியவரோ மிகச் சிலர். கண்ணகியின் வழக்கை அரசன் கேட்டான், தன் பிழை உணர்ந்தான், உயிர் நீத்தான். வழக்கு அங்கேயே தீர்ந்தது. சினம் தீரவில்லை, மதுரை எரிந்தது. ஊரார் செய்த குற்றம் யாது? ஆங்கிலப் புலவர் பழிவாங்கியவனைக் கொன்று இக்கேள்வியைக் கடந்து விடுகின்றனர். வன்னி மக்கள் அவ்வாறு கடக்கவில்லை.

மதுரையை எரித்த தாய் முதியவளாய் நந்திக்கடற் கரைக்கு வந்தாள் என்பது வற்றாப்பளை ஐதிகம். மாடு மேய்த்த சிறுவர் அவளுக்குப் பொங்கல் இட்டனர். எண்ணெய் இல்லாமையால் கடல்நீரில் விளக்கேற்றினர். தலையிற் பேன் பார்க்கப் புகுந்தபோது ஆங்கே கண்களைக் கண்டனர். அரசவையில் ஆறாத சினம் இடைச்சிறுவர் கையில் ஆறியது! வைகாசிப் பொங்கலில் இன்றும் உப்புநீரில் விளக்கு எரிகின்றது. எனவே கூத்தின் இறுதிக் காட்சி கோயில் முன்றிலிலேயே நிகழ்கின்றது என்பேன். கூத்தை மாத்திரம் பெயர்த்தெடுத்து, மதுரை எரிந்ததும் திரையை விழுத்துவது, செகசிற்பியார் முறைக்கு அதனைக் குறுக்குவதேயாம்.

குளிர்தல் மறத்தல் அன்று. கண்ணகியின் முறையீடு முதலிற் செவிமடுக்கப்பட்டது. பின்னரே அவள் குளிர்ந்தாள். ஹியெரோனிமோவுக்கு அது வாய்க்கவில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றதும் இதே நந்திக்கடற் புறத்திலேதான். தம் பிள்ளைகளுக்கு நேர்ந்ததைச் சொல்லக் கேட்பாரின்றி இருக்கும் அன்னையர் இக்கரைகளில் இன்றும் உளர். அவர்களிடம் பொங்கலை மாத்திரம் நீட்டிச் சினத்தை ஆற்றுக என்போர், அவ்வைதிகத்தைப் பாதியே கேட்டவராவர்.

நமது கல்லூரி அரங்கில் அடுத்த ஆண்டு ஹம்லெற் ஆடுவதாயின், அதற்கு மறுநாள் இரவை முள்ளியவளை அண்ணாவிமாருக்கு ஒதுக்குக, விடியும்வரை ஒதுக்குக.