சொல்லும் பொருளும்: கன்பார்மிட்டி

ஒரே மாதிரியாயிருத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் 'யூனிபார்மிட்டி', 'கன்பார்மிட்டி' என்னும் இரண்டையும் நேயர்கள் அடிக்கடி சந்தித்திருப்பார்கள். இரண்டிலும் 'போர்மா' என்ற லத்தீன் பதம் மறைந்திருக்கிறது. உருவம், அச்சு என்பது அதன் அர்த்தம். பல பொருள்கள் ஒரே உருவாயிருப்பது யூனிபார்மிட்டி. ஏற்கெனவே உள்ள ஓர் அச்சுக்கு ஏற்ப அமைவது கன்பார்மிட்டி. மனிதரைப் பற்றிச் சொல்லும்போது, இணங்கவோ மறுக்கவோ வல்ல மனம் ஒன்றும் அங்கே இருக்கிறது.

உத்தியோகக் கடிதங்களில் 'விதிகளுக்கு இணங்க' என்னுமிடத்தில் இச்சொல் வெகு சாதுவாக வரும். அதன் சரித்திரமோ அவ்வளவு சாதுவன்று.

1662-ஆம் ஆண்டில், இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்தில், இங்கிலாந்தில் 'யூனிபார்மிட்டி' என்ற பெயராலேயே ஒரு சட்டம் பிறந்தது. தேசமெங்கும் ஒரே பிரார்த்தனைப் புத்தகம். அதிலுள்ள யாவற்றுக்கும் குருமார்கள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். 1660 முதல் 1662 வரை ஏறக்குறைய 2000 குருமார்கள் பதவி இழந்தனர். 1665-இல் வந்த மற்றொரு சட்டம், அவர்கள் தங்கள் பழைய ஊருக்கு ஐந்து மைல் தூரத்திற்குள் வரலாகாதென்றது. இணங்காத இவர்களுக்கு 'நான்கன்பார்மிஸ்ட்' என்று பெயர். அப்பெயரைப் பின்னாளில் அவர்கள் வழிவந்தோர் பெருமையுடன் தரித்தனர்.

அநுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையிலிருந்த ஜான் பன்யன் அந்த மரபினரே. 1678-இல் வெளியான அவருடைய மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவியே நம் கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். அச்சில் அடங்காத மனிதரின் வாக்கு கடல் கடந்து தமிழ்க் காவியமாயிற்று!

இணங்காத புராடெஸ்டண்டுகள் தனியே வழிபட 1689-இல் அநுமதி கிடைத்தது. 1828-இல் அரசாங்கப் பதவிகளும், 1871-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளின் பட்டங்களும் பதவிகளும் அவர்களுக்குப் பெரும்பாலும் திறந்தன. அதனால் ராஜ்யம் சிதறிப்போகவில்லை.

ஆகவே, இவ்விரு சொற்களையும் 'ஒற்றுமை' என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. முன்னதற்கு 'ஒரேவிதம்' என்றும், பின்னதற்கு 'இணங்கி நடத்தல்' என்றும் சொல்லலாம். ஒரேவிதத்தைச் சட்டம் போட்டு உண்டாக்கலாம். ஒற்றுமையோ, வேறாயிருப்பவர்கள் தாமாக மனமுவந்து சேர்வதனால் உண்டாவது. வேற்றுமை பல நிறைந்த ஒரு தேசத்தார் இந்தப் பேதத்தை மறக்கலாகாது.