கிளிக் 3-ஐ ஏன் ஒதுக்க வேண்டும்?

பழைய ஃபிலிம் கேமராக்களில் மறுபடி தயாரிக்கத் தகுந்தது லைக்கா எம்6 போன்ற கேமராதானாம். அக்ஃபா கிளிக் 3 வெறும் பிளாஸ்டிக் டப்பாவாம். லைக்காவுக்கு நம் சிபாரிசு எதற்கு? 2022இலேயே அது திரும்பி வந்துவிட்டது. செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகால் முன்னே பிள்ளைகளை நிறுத்திப் படம் பிடித்த எத்தனை அப்பாக்களுக்கு லைக்கா கட்டுப்படியாகியிருக்கும்? வதோதராவில் தயாரான கிளிக் அவர்களுக்காகவே வந்தது.

120 சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். ஒவ்வொரு நெகடிவும் 35 மி.மீ. நெகடிவைப் போல மூன்றரை மடங்கு பரப்பு! வெயில், மேகம் என்ற குறிகளைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். ஓரங்கள் மங்குவது உண்மைதான். அதற்கு நல்ல லென்ஸ் போடுங்கள், கேமராவையே தள்ளாதீர்கள். புதிய ஃபிலிம் கேமரா இருக்கிறதே என்றால், 2024இல் வந்த பென்டாக்ஸ் 17 அரைச் சட்டக் கேமரா, விலையும் அதிகம். ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் மூடியபின் சுருளே செலவு வைக்கிறது. கேமராவாவது மலிவாகக் கிடைக்கட்டும்.