முதுகில் ஊசி

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "என் தங்கை பையனுக்குக் கடும் ஜுரம், கழுத்து விறைத்துவிட்டது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். கால் விழுந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் சம்மதித்தோம். பையன் பிழைத்துவிட்டான், ஆனால் இடது காது கேட்கவில்லை. காந்த ஸ்கேனிலேயே அந்த நீரைச் சோதிக்கலாமாமே! ஊசி எதற்கு, டாக்டர்?"

நடந்ததற்கு யாரையும் நோகாதீர்கள், அம்மா. அன்பு இருக்கும் இடத்தில்தான் பயமும் இருக்கும். ஆனால் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி. தினம் 500 மில்லி போல் புதிதாக ஊறுகிறது. சோதனைக்கு எடுக்கும் சில மில்லியும் சீக்கிரமே ஊறிவிடும். ஊசி நுழைவதோ தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழே. பிறகு கால் விழுவானேன்? சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான்.

சரி, காந்தத்தின் சங்கதி என்ன? வீணையில் ஒரு தந்தியை மீட்டினால், அதே சுருதியில் கூட்டிய மற்றொரு தந்தியும் அதிரும் அல்லவா? பலமான காந்தத்தினுள் ஹைட்ரஜன் அணுக்களும் ரேடியோ அலைக்கு அப்படித்தான் அதிர்கின்றன. 1946-ல் பிளாக், பர்செல் என்ற இருவரும் தனித்தனியே இதைக் கண்டு, 1952-ல் நோபல் பரிசு பெற்றார்கள். குளுகோஸிலுள்ள அணுவுக்கு ஒரு சுருதி. லாக்டேட் என்னும் பொருளிலுள்ள அணுவுக்கு வேறு சுருதி. பாக்டீரியாவால் மூளை உறை அழன்றால் நீரில் குளுகோஸ் குறையும், லாக்டேட் ஏறும். நோயாளியை ஸ்கேனில் படுக்கவைத்தே லாக்டேட்டின் ஏற்றத்தைக் காணலாம். உடலின் உயிரணுக்களில் சக்தி உற்பத்தி கெட்டுப்போன சில குழந்தைகளுக்கு இது மிகவும் உதவுகிறது.

ஆனால், எந்தக் கிருமி என்று காந்தம் பெயர் சொல்லாது. அதற்கு நீர்தான் வேண்டும். பெயர் தெரிந்தால்தான் சரியான மருந்து அமையும்.

ஜுரம், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் இவை சேர்ந்து வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். டாக்டரிடம் சந்தேகங்களைக் கேளுங்கள், தெளிந்ததும் தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று, அம்மா. பையனின் காதை உடனே நிபுணரிடம் காட்டுங்கள். இந்த நோய்க்குப் பின் உட்காதில் எலும்பு வளர்வதுண்டு. வளர்ந்துவிட்டால் கருவி பொருத்துவது கஷ்டம். இம்முறை இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம்.