திருப்பூருக்கு ஒரு படப் புத்தகம் வேண்டும்

நம் ஊரில் மிகுதியாகப் புரட்டப்படும் படப் புத்தகம் எது? வார இதழ் ஒன்றின் பெயரை நண்பர்கள் சொல்லக்கூடும். 'பான்டோன்' நிறப் புத்தகம் என்பேன் நான். ஏற்றுமதி நிறுவனமாயினும் சாயப்பட்டறையாயினும் அதைப் பார்க்காமல் வேலை ஓடாது. கதை இல்லை, கட்டுரை இல்லை. சாயம் ஏற்றிய பருத்தித் துணித் துண்டுகளும் அவற்றின் எண்களுமே அதன் பக்கங்கள். அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டு அச்சு மைகளுக்காகத் தோன்றிய முறை, பின்னர் துணிக்கும் வந்தது. ஐரோப்பாவில் அமர்ந்திருப்பவர் 19-4052 என்று எழுதி அனுப்பினால் போதும். இங்கே 'லேப் டிப்' போடுபவர் அந்த நீலத்தைக் கொண்டுவந்து விடுவார். முதல் ஈரிலக்கம் நிறம் வெளிரா அடரா என்பதையும், நடு ஈரிலக்கம் அதன் இனத்தையும், கடைசி ஈரிலக்கம் அதன் செறிவையும் குறிக்கும். வேதியியல் பயிலும் எனக்கு இந்த ஒழுங்கில் ஒரு மயக்கமே உண்டு. 2020ஆம் ஆண்டின் நிறமாக அந்நிறுவனம் அறிவித்ததும் இந்த நீலத்தைத்தான்.

பிறர் வகுத்த நிறத்தை நூலிழை பிசகாமல் தருகிறோம். நம் ஊரைக் காட்டும் படப் புத்தகம் ஒன்று நம்மிடம் உண்டா? நான் சென்ற நூலகங்களில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வடிவமைப்பு, கட்டடக்கலை, பயணம், வாழ்முறை பற்றிய வண்ணப்பட நூல்கள் செல்வர் வீட்டு வரவேற்பறை மேசைக்கே உரியவை என்று பலர் எண்ணுகின்றனர். பாதி உண்மைதான். விலையும் அப்படி, மொழியும் அப்படி. செட்டிநாட்டைப் பற்றி எஸ். முத்தையா, மீனாட்சி மெய்யப்பன், விசாலாட்சி ராமசாமி ஆகியோர் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த 'தி செட்டியார் ஹெரிடேஜ்' அருமையான முயற்சி, ஆனால் ஆங்கிலத்தில். பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தரையையும் கண்டு வியக்க நானும் தயார். எனினும், மாளிகை கட்டியவனுக்கு மட்டுந்தான் கட்டடக்கலை உண்டா?

எங்கள் லைன் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள், எதிரே ஒரு நடை, கோடியில் பொதுக் குழாயும் கழிப்பறையும். திண்டுக்கல்லிலிருந்து வந்த குடும்பமும் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்களும் அடுத்தடுத்த கதவு. பத்துக்குப் பத்து அறையில் அடுப்பு எங்கே, கட்டில் எங்கே, பிள்ளை படிக்கும் இடம் எங்கே என்பதை அங்கே வாழும் பெண்கள் எப்படித் தீர்த்திருக்கிறார்கள் என்று அளந்து வரைந்து காட்டினால், அது எந்த வெளிநாட்டு இல்ல அலங்கார நூலுக்கும் இளைத்ததாக இராது. சுவரில் ஆணியடித்து அட்டைப் பேட்டர்ன்களைத் தொங்கவிட்டிருக்கும் கட்டிங் மாஸ்டரின் மூலையும் அப்படியே. உடம்பின் வளைவைத் தட்டை அட்டையில் கொண்டுவந்த அறிவு அங்கே தொங்குகிறது. அதற்குப் பெயர் வடிவமைப்பு இல்லையென்றால் வேறென்ன?

இது என் ஆசைப் பேச்சு மட்டுமன்று. 1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்து நாட்டைச் சுற்றிப் பார்த்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், தங்கள் அறிக்கையில் வியந்து எழுதியது வீட்டுச் செம்பைப் பற்றி. தண்ணீர் மொள்ளும் செம்பு! அவ்வறிக்கையை ஒட்டித்தான் அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது.

அச்சிடும் திறமைக்கும் நாம் வெளியே போக வேண்டியதில்லை. சென்னையில் 1994இல் தொடங்கப்பட்ட தாரா புக்ஸ், தன் நூல்கள் சிலவற்றைக் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து வெளியிடுகிறது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் வரைந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' அவ்வகையில் 2006இல் வந்து, 2008இல் இத்தாலியின் பொலோனியா நூற்காட்சியில் விருது பெற்றது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன். ரப்பர் பட்டையால் மையை இழுத்து, காய்ந்தபின் அடுத்த நிறம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பனியனில் நம் பிரிண்டிங் பட்டறைகள் நாள்தோறும் செய்வது இதைத்தானே? கையால் செய்யும் காகிதத்துக்குப் பருத்திப் பின்னலாடையின் வெட்டுத் துண்டுகள் நல்ல மூலப்பொருள். ஆகக் காகிதத்துக்கு வேண்டிய வேஸ்ட்டும் நம்மிடம், அச்சுக் கையும் நம்மிடம்; புத்தகம் மட்டும் இல்லை.

வந்தால் அழகு மட்டும் காட்டும் புத்தகமாக வரக்கூடாது. நிறப் புத்தகத்தில் நொய்யல் இல்லை. சாயக்கழிவு சேர்ந்ததால், 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையின் நீரைப் பாசனத்துக்கு வேண்டாமென்று உழவர்களே சொல்லும் நிலை வந்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது வேலையிழந்தவர்களும் நம் வீடுகளில்தான் இருந்தார்கள். ஒரு பக்கத்தில் நீலத் துணி, எதிர்ப்பக்கத்தில் ஆறு. இரண்டும் சேர்ந்தே அச்சாக வேண்டும். தமிழிலும் அச்சாக வேண்டும். கைமடிக்கும் அக்காள் அதைப் புரட்டிப் பார்த்துத் தன் மேசையை அதில் அடையாளம் காணவேண்டும்.

பெரிய பதிப்பகம் வரட்டும் என்று காத்திருப்பானேன்? இந்த ஆண்டு மலரின் அடுத்த இதழில் எட்டுப் பக்கம் ஒதுக்கித் தருமாறு ஆசிரியர் குழுவை வேண்டுகிறேன். கைபேசியில் படம் எடுக்கத் தெரியாதவர் நம் வகுப்புகளில் இல்லை. அளவெடுக்க இஞ்சி டேப்புக்கு இந்த ஊரில் பஞ்சமா? தாவரவியல் மாணவர்கள் நொய்யல் கரையைப் பார்த்துக்கொள்ளட்டும், தமிழ்த் துறையினர் தொழிற்சொற்களைத் திரட்டட்டும். லைன் வீட்டு வரைபடத்தை நான் போட்டுத் தருகிறேன். எங்கள் வரிசையில் பதினொரு கதவுகள்.